எட்டில் ஒரு பங்கு

1989ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் நாள், இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒரு மாணவிக்கு அநியாயமாகச் சுழியம் போடப்பட்டது.

கண்ணாடித் தண்டுகளின்மேல் நின்ற, மின்னூட்டம் பெற்ற இரண்டு உருண்டைகளுக்கு இடையேயான விசையை அவள் அளந்திருந்தாள்.

"தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலுல ஒரு பங்கு. நீ எட்டுல ஒரு பங்குன்னு எழுதியிருக்க. உனக்கு மட்டும் தனி விதியாம்மா?" என்றார் ஆசிரியர்.

"அளந்தப்ப அதுதான் சார் வந்துச்சு."

"மத்தவங்களுக்கெல்லாம் சரியா வந்திருக்கே?"

"அவங்க அளக்கவே இல்ல சார். புத்தகத்துல இருந்ததை எழுதிட்டாங்க."

"வாய் வேறயா?" என்று சிவப்பு மையால் சுழித்தார்.

மதிப்பெண் பட்டியல் அனுப்பப்பட்ட மறுநாள், ஆய்வக உதவியாளர் பெருமையுடன் வந்து நின்றார்.

"சார், நீங்க சொன்னபடியே தேர்வுக்கு முன்னாடி அந்தத் தண்டையெல்லாம் ஈரத்துணியால பளபளன்னு துடைச்சு வச்சேன். பார்த்தீங்களா?"

ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். உண்மையாக அளந்த எவருக்கும் அன்று நான்கில் ஒரு பங்கு வந்திருக்க முடியாது.

தேர்வில் தவறிய அவள், அதன்பின் பள்ளிப் பக்கமே வரவில்லை.

வாசகரே, அந்த மாணவி நீங்களாக இருந்தால், அந்தச் சுழியத்தை உடனே திருப்பி அனுப்புங்கள். அது எனக்குரியது.