அந்தப் பக்கத்துக் குமிழ்

பழைய ஜீப்பை முதன்முதலாக வாங்கியிருக்கும் செல்லங்களே, சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் உள்ளே கியரை மாற்றினால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டிலும் நடுவே இருக்கிற குமிழைக் கையால் திருக வேண்டும்.

என் தம்பிக்கு ஜீப்பை விற்ற அம்மாள், "ஓட்டுற பக்கத்தை மட்டும் நீங்க திருகுங்க தம்பி. அந்தப் பக்கத்தை எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார்" என்றார். வீட்டுக்காரர் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

"ஜீப்போட அவரையும் சேத்து வித்துட்டாங்கக்கா" என்று தம்பி என்னிடம் சிரித்தான்.

பிரசவ வலி கண்ட மனைவியைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மழைச் சேற்றில் ஜீப் புதைந்தது. தம்பி இறங்கித் தன் பக்கத்துக் குமிழைத் திருகினான். மறுபக்கம் ஓடினால், அந்தக் குமிழ் ஏற்கெனவே திருகப்பட்டிருந்தது. அதன்மேல் சேறு படிந்த விரல் தடம் ஈரமாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. ஓடிவந்து ஏறி வண்டியைக் கிளப்பினான்.

"இருங்க," என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அவர் இன்னும் ஏறலை."

குழந்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. அதனால்தான் சொல்கிறேன், கண்ணுகளா. அந்தப் பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகே கிளட்சை விடுங்கள்.