மாடி அறைக்கு ஒரு வாய்ப்பூட்டு

நெவில் தன் மனைவியின் செல்போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதன் மேல் டீத்தூள் டப்பாவையும் ஏற்றி வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ யாருக்கும் போன் பண்ணல. யார்கிட்டயும் வாய் திறக்கல. புரியுதா, பெரில்?"

"பல் டாக்டருக்குக் கூடவா?" முழங்காலை நீவிக்கொண்டே கேட்டாள் பெரில்.

"பல்லை சனிக்கிழமை வலிச்சுக்கச் சொல்லு."

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் நெவில் கூரைக்கடியில் ஒரு மாடி அறை போட்டார். படிக்கட்டு, ஜன்னல், குளியலறை எல்லாம் உண்டு. ஊர் நிர்வாகமான கவுன்சில் தரும் கட்டடச் சான்றிதழ் மட்டும் கிடையாது. "அந்தத் தலைவலி எதுக்கு?" என்றார் வேலை செய்த தச்சர். நெவிலும் தலையாட்டிவிட்டார்.

இப்போது வீட்டை விற்றாக வேண்டும். பிளாக்பூலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, ஒரு படிகூட இல்லாத வீடு ஒன்று பெரிலின் முழங்காலுக்கென்றே கட்டியதுபோல் கிடைத்திருந்தது. அதன் சொந்தக்காரர் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை.

வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இப்போதாவது கவுன்சிலுக்கு விண்ணப்பிப்பது. ஆய்வாளர் வருவார், உத்தரத்தைப் பார்க்கணும், பலகையைப் பிரி என்பார், வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது, பிற்பாடு கவுன்சில் வம்பு செய்தால் வீட்டை வாங்கியவருக்கு ஈடு கட்டும் காப்பீடு. ஒரே மதியத்தில் கைக்கு வந்துவிடும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சான்றிதழ் இல்லாத சேதி கவுன்சில் காதுக்குப் போயிருக்கக் கூடாது. போயிருந்தால் காப்பீடும் இல்லை, கடலும் இல்லை.

ஓல்டம் சந்தையில் முப்பது வருஷம் கம்பளம் விற்றவருக்கு எந்த வழி பிடிக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஓட்டையை விரித்துக் காட்டி எவன் வியாபாரம் செய்தான்!

பயமெல்லாம் பெரிலை நினைத்துத்தான். பஸ் டிரைவர் டிக்கெட் கேட்க மறந்தால், இறங்கும்போது கூப்பிட்டுக் காசு கொடுக்கிற ரகம் அவள்.

"நெவில், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள். "நேத்து கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன்."

நெவில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"'உங்களுக்கு முன்னால பதினாலு பேர் காத்திருக்காங்க'ன்னு மெஷின் சொல்லுச்சு. டீ ஆறிடுமேன்னு வச்சுட்டேன்."

"அந்தப் பதினாலு பேரும் குடும்பத்தோட நல்லா இருக்கட்டும்!"

பதினோரு மணிக்கு அழைப்புமணி அடித்தது. வீட்டை வாங்க வந்த கிரெக் போன வாரமே பார்த்து விலையும் பேசி முடித்திருந்தான். இன்று மனைவி ஹேலியைக் கூட்டி வந்திருந்தான். அவளுக்குப் பிடித்துவிட்டால் கையெழுத்துதான் பாக்கி.

ஹேலி சமையலறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மாடிக்கு ஏறினாள். நெவிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொதித்த தண்ணீரையே மறுபடி கொதிக்க வைத்தார், படிக்கட்டின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஹேலி தலைக்கு மேல் கையை வைத்து உயரம் பார்த்தாள். அறைக் கதவைத் திறந்து விட்டுவிட்டு, அது தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று காத்திருந்தாள். அது விட்ட இடத்திலேயே நின்றது.

"என்ன பார்க்கறாங்க உன் வீட்டம்மா?" என்றார் நெவில்.

"அவளைக் கண்டுக்காதீங்க," கிரெக் சிரித்தான். "முதல் தடவை எங்கம்மா வீட்டுக்கு வந்தப்பவும் கேக்கைப் பார்க்கல, கூரையைத்தான் பார்த்தா."

நெவிலுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கம்பளத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்கிறவள்தான் கடைசியில் வாங்குவாள். சும்மா தடவிப் பார்க்கிறவள் போய்விடுவாள்.

ஹேலி இறங்கி வந்து உட்கார்ந்ததும் பெரில் கேட்டாள், "நீ எங்கேம்மா வேலை பார்க்..."

"பெரில், பிஸ்கட்!" என்று வெட்டினார் நெவில்.

பெரில் வாயை மூடிக்கொண்டு பிஸ்கட்டைத் தேடப் போனாள்.

"வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் ஹேலி. கிரெக் அவள் தோளைத் தட்டினான். நெவிலின் மூக்கில் கடல் காற்றே வீசிவிட்டது. "ஆனா அந்த மாடி அறையைப் பத்தி நீங்க எதுவும் சொல்றதுக்கு முன்னால, நான் ஒண்ணு..."

"தெரியும் கண்ணு, தெரியும்!" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் நெவில். வாங்குகிறவள் சந்தேகத்தை முழுசாகச் சொல்லவிட்டால் விலை இறங்கும் என்பது சந்தைப் பாடம். "சான்றிதழ்தானே? மறைப்பானேன், அது இல்ல. விண்ணப்பமே போடல."

"நெவில், ஒரு நிமிஷம்..." என்று குறுக்கிட்டாள் ஹேலி.

"கேளும்மா. உங்க ரெண்டு பேர் நன்மைக்கு ஒரு காப்பீடு எடுத்துத் தர்றேன், செலவு என்னோடது. ஒரே ஒரு சங்கதி." அவர் குரலைத் தாழ்த்தினார். "கவுன்சில்காரங்க காதுல மட்டும் விழக் கூடாது. இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். பெரிலோட போன்கூட ரொட்டி டப்பாவுக்குள்ளதான் இருக்கு!"

தன் ஹாஸ்யத்துக்குத் தானே உரக்கச் சிரித்தார்.

கிரெக் டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். ஹேலி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாக அவரைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களே, நெவில்... இந்த ஊர் கவுன்சில்ல கட்டட ஆய்வாளரே நாந்தான்."