போகவர டிக்கெட்

டவுனுக்குள் ஆளில்லா ஆட்டோவைத் தவிர வேறு எந்த வண்டியும் நுழையக்கூடாது. ஏறுகிறவர் வாசலில் பேசுவதைக் கேட்டு அதுவே டிக்கெட் போட்டுவிடும்.

"இனி உங்க சங்காத்தமே வேண்டாம். வரேன்," என்று புருஷன் சபாபதியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியோடு ஏறிய மரகதவல்லி, டவுனில் தங்கை வீட்டில் இறங்கினாள்.

ஆறு மணிக்கு ஆட்டோ அங்கே வந்து நின்றது. "'வரேன்'னு சொன்னீங்க. போகவர டிக்கெட். இதுக்கு ராத்திரி டவுனில் தங்க அனுமதியில்லை."

வீட்டுக் கதவைத் திறந்த சபாபதி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அவள் தோசை ஊற்றினாள்.

அடுத்த வாரமும் இதே கதைதான். மூன்றாம் முறை பெட்டி வாசலுக்கு வந்தபோது அவருக்கே பொறுக்கவில்லை.

"'போறேன்'னு சொல்லித் தொலையேன். அங்கேயே விட்டுடும்."

"வாசல்ல நின்னுக்கிட்டு அச்சானியமாவா பேசுவாங்க?" என்று முறைத்துவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "வரேன்."