நுனி கிடைக்காமல்

திரையில் அந்தக் கோடு மறுபடியும் எழும்பியது.

சத்யப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். பெரம்பலூரில் அவள் ஆராய்ச்சி செய்யும் கல்லூரியின் ஆய்வகம் அது. எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

குழாயில் இருந்தது அவள் கணவன் கலைச்செல்வனின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ. ஊசியைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கிற மனிதன், அவள் படிப்புக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தான். லாரி மோதி அவன் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

போன வாரம் கரண்ட் போய் ஃப்ரீசர் உருகிவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் பாழ், கொட்டிவிடுங்கள் என்றார்கள். அந்த ஒரு குழாயைக் கொட்ட மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

மரபணுவைப் பார்த்து செல் நகலெடுத்துக்கொள்கிற நூல்தான் ஆர்.என்.ஏ. அதில் வேண்டாத துண்டுகளைச் செல் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வரிசையாக ஒட்டும். எப்போதாவது ஒரு துண்டின் வாலை வளைத்துக் கொண்டுவந்து, அதன் தலையிலேயே ஒட்டிவிடும். அப்போது அது வளையமாகிவிடும்.

நூலை அழிக்கிற நொதி, நுனியிலிருந்துதான் தின்னத் தொடங்கும். வளையத்துக்கு நுனி கிடையாது.

காலையில் அந்த நொதியை அவளே குழாயில் விட்டாள். நூலெல்லாம் போயிற்று. வாலும் தலையும் சேர்ந்த ஒட்டு இருந்தால் மட்டுமே எழும்புகிற கோடு, எழும்பி நின்றது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம்.

போன் அடித்தது. திருமழபாடியிலிருந்து மாமியார் புஷ்பவல்லி.

“நேத்து ராத்திரியும் வந்தாம்மா. வூட்டைச் சுத்திச் சுத்தியே வரான். உள்ளயும் வர மாட்டேங்குறான், போகவும் மாட்டேங்குறான். எனக்குச் சோறு எறங்கல. ஆஸ்பத்திரியில அவன் அரணாக்கயித்த அறுத்துட்டாங்கதான?”

“அறுத்துட்டாங்க அத்தை.”

செத்தவனின் இடுப்புக் கயிற்றை அறுத்துத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வழி புலப்படாமல் சுற்றிக்கொண்டே இருப்பான் என்பது புஷ்பவல்லியின் பயம். உடம்பைத் துணியில் பொதிந்து கொடுத்துவிட்டார்கள். அவள் கண்ணால் பார்க்கவில்லை, மருமகள் சொல்லைத்தான் நம்பியிருந்தாள்.

விபத்து நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் முன், நர்ஸ் கத்தரிக்கோலோடு வரத்தான் செய்தாள். சத்யப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இருக்கிறவன் கயிற்றை யாராவது அறுப்பார்களா?

முடிச்சை அவிழ்க்காமல் இடுப்பிலிருந்து தொடை, முழங்கால், பாதம் என்று மெல்ல மெல்ல உருவி எடுத்தாள். அறுக்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினாள். விடிவதற்குள் அவன் இறந்துவிட்டான்.

மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது. இப்போதுகூட ஒரு வெட்டு போதும். அந்தக் கிழவிக்குச் சோறு இறங்கும். அவனும் போய்விடுவான்.

சத்யப்பிரியா கத்தரிக்கோலை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு இழுப்பறையில் போட்டு மூடினாள்.

ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. சுவரை ஒட்டியே நடந்து, மூலையில் திரும்பி, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தது. நிற்காமல் போனது.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை சொல்வது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். ராத்திரியில் அங்கே சுற்றுகிறவன், பகலில் இங்கேதான் சுற்றுகிறான்.

சுடிதாருக்குள் கையை விட்டு, தன் இடுப்பில் கிடந்த அந்தக் கறுப்புக் கயிற்றைத் தடவினாள். அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.