பரீட்சை முடியட்டும்

அம்மா சிரித்தபடியே பொய் சொன்னாள்.

"அப்பா இப்பத்தான் கண்ணசந்தார்மா. எழுப்ப வேண்டாம்."

நெஞ்சு வலி என்று படுத்தவர், போன வாரம் வரை படுத்தபடியே பேசிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு நாளாக எப்போது கூப்பிட்டாலும் தூக்கம்.

மகள் கைபேசியை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். வெளிநாட்டுக்குப் படிக்க வந்ததிலிருந்து தினமும் இப்படி வீடியோவில்தான் பேச்சு. அங்கே வீட்டில் சாயங்காலம்; யாரும் இன்னும் விளக்குப் போடவில்லை. இங்கே மதியம். லைப்ரரி மூலையிலிருந்து பேசுவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளை.

பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். அவள் வாய்விட்டுப் பேசினால் வீட்டாருக்கு மட்டும் புரியும்.

அப்பா அவளுக்காக மீசையை எடுத்தவர். மேலுதடு தெரியாவிட்டால் குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று, ஆசையாக வளர்த்ததை ஒரே நாளில் வழித்துப் போட்டார். பெண்டாட்டி உத்தரவா என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இருட்டில் அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுந்து போய் விளக்கைப் போட்டு, எதிரில் வந்து உட்கார்ந்து, பிறகுதான் வாயைத் திறப்பார். திட்டுவதாக இருந்தாலும் அப்படித்தான்.

மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவளிடம் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காதே கேட்காதவள் எதிரில் கிசுகிசுப்பு. கிசுகிசுக்கும்போதுதான் மனிதர்கள் உதட்டை இன்னும் அழுத்தி அசைக்கிறார்கள். அக்காவின் காதல் முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை, காதும் காதும் வைத்தாற்போல் பேசிய எல்லாமே அவளுக்குத் தெரியும். சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்தாள்.

இப்போதும் அம்மா, அருகில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"சொல்லிடட்டுமாடி?"

"வேண்டாம்மா. நேத்தே எடுத்தாச்சு. இனிமே ஓடி வந்தாலும் அப்பா மொகத்தைப் பாக்க முடியாது. பரீட்சை முடியட்டும்."

அவள் கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

நேற்றுக் காலை, இரண்டாவது பரீட்சைக்குக் கிளம்பிவிட்டேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். நல்லா எழுது என்று பதில் வந்தது. அக்கா அதைத் தட்டிய நேரத்தில் அப்பா கூடத்தில் கிடந்திருக்க வேண்டும்.

அழக் கூடாது. அழுதால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். கண்களை அகல விரித்து வைத்துக்கொண்டாள்.

அம்மா திரும்பினாள். பரீட்சை எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

நல்லா எழுதறேன் என்றாள். குரல் நடுங்கியதா இல்லையா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

அம்மாவின் நெற்றி சுருங்கியது. மறுபடியும் அக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

"என்னடி பரீட்சை? லைப்ரரிங்கறா, பின்னால மெஷின் ஓடற சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. அப்பாவுக்கும் கேட்டுச்சு. அவளா சொல்ற வரைக்கும் பரீட்சைன்னே வெச்சுக்கச் சொன்னார்."

சத்தம். அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

இந்த மூலையில் தரை அதிராது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்துப் பார்த்துத்தான் இடம் பிடித்தாள். தரை அதிராவிட்டால் அமைதி என்பது அவள் கணக்கு. பின்னால் தெரிந்த வெள்ளை, சுவர் இல்லை. ஹோட்டல் படுக்கை விரிப்பு. சாப்பாட்டு இடைவேளையில் அவளே கொடியில் போட்டு இழுத்து விட்டது. அதற்குப் பின்னால் ஆள் உயரச் சலவை இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அவள் மடித்து வைத்த விரிப்புகள் இடுப்பளவு நின்றன.

பல்கலைக்கழகம் போன வருடமே கைகழுவிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை எழுதிக் கொடுக்க ஆள் தருகிறோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆள் கொஞ்ச நாள் வந்தார், அப்புறம் வரவில்லை. பேராசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார். அவருடைய முதுகு அவளுக்கு மனப்பாடம். அந்த ஊர் உதடுகள் பிடிபடுவதற்குள் இரண்டு முறை தோற்றிருந்தாள்.

காது கேட்காத பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று கேட்டவர்கள் வாயை எல்லாம் அப்பா ஒருவர்தான் அடைத்திருந்தார். அவரிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது என்று தள்ளிப்போட்டாள். அவர் படுத்தபோதும் வரட்டுமா என்று கேட்கவில்லை. பரீட்சை என்றாள்.

இந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் அவர் ஒவ்வொரு முறையும் நல்லா எழுதும்மா என்று சொல்லியிருக்கிறார்.

அவள் பின்னால் கையை நீட்டி விரிப்பை இழுத்தாள். அது சரிந்து தரையில் விழுந்தது.

"பரீட்சை முடிஞ்சிடுச்சுக்கா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே அறை நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது.

பிறகு அக்கா எழுந்து போய் விளக்கைப் போட்டாள். திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, நேராக அவளைப் பார்த்தாள்.