பாதி தார், பாதி மண்

"மண் பாதையில குலுங்கக் கூடாது. கண்ணாடி உடைஞ்சிடும்" என்றாள் அந்த அம்மா, சைக்கிள் கடை வாசலில் நின்றபடியே. கக்கத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய போட்டோ சட்டம். காகிதம் ஒரு மூலையில் கிழிந்து, ஓர் ஆணின் மீசை பாதி தெரிந்தது.

கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் செயின். பேச்சு ஒருமுறை கழன்றால் திரும்ப மாட்டுவது கஷ்டம். அப்பேர்ப்பட்டவரே மீசையைப் பார்த்ததும் குரலைப் பாதியாக இறக்கிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா. போன மாசம் போயிட்டார்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த செயினின் மனைவி, கடித்துக்கொண்டிருந்த ஆப்பிளை மேஜையில் வைத்தாள். அடுத்தவர் கஷ்டம் என்றால் அவளுக்குப் பசி கூட இரண்டாம்பட்சம். முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

"அடக் கடவுளே! திடீர்னா?"

"சொல்லாம கொள்ளாம."

"வயசு?"

"அம்பதைத் தொட்டிருந்தார்."

"போற வயசா அது?"

"எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க."

"தூக்கத்துலயா அக்கா?"

"ஆமா. நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

"கஷ்டப்படாமப் போயிருக்கார். அதுவே பெரிய கொடுப்பினை" என்று செயினின் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அந்த அம்மாவின் கண்ணில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை. முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. பாவம், அழுது தீர்த்துவிட்டாள் போல என்று புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா போகணும்?"

"வாய்க்கால் தாண்டி. பாலம் வரைக்கும் தார் ரோடு, அப்புறம் மண்ணும் கல்லும். பஸ் பாலத்தோட நின்னுடுது. வாடகை வண்டிக்காரங்க உள்ளே வர மாட்டேங்கிறாங்க. இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள இந்தப் படத்தோட நான் அங்கே போய்ச் சேர்ந்தாகணும். கையில இருக்கிற காசுக்குள்ள ஒரு வண்டி கொடுங்க."

வாய்க்காலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று செயினுக்குத் தெரியாதா? முதலில் இடுகாடு. அதையும் தாண்டினால் ஒரு கோழிப் பண்ணை. புருஷன் படத்தைச் சுமந்துகொண்டு எவளாவது கோழிப் பண்ணைக்குப் போவாளா?

"இன்னிக்கு மட்டுமா, அடிக்கடியா?"

"முடிஞ்சப்ப எல்லாம் போகலாம்னு இருக்கேன்."

"போங்கம்மா. மனசு ஆறும்."

"ஆறும்" என்றாள், பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போல.

முதலில் செயின் இழுத்து வந்தது மெல்லிய டயர் வண்டி. "தார்ல விட்டா அம்பு மாதிரி போகும்."

"மண்ணுல?"

"மண்ணுலயும் அம்பு மாதிரிதான். குத்திக்கிட்டு நிக்கும்."

அடுத்தது டிராக்டருக்குத் தம்பி மாதிரி பட்டை டயர் போட்ட மலை வண்டி. அந்த அம்மா முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் கனம்.

"என்னங்க, அந்த ரெண்டுங்கெட்டானைக் காட்டுங்களேன்" என்றது கல்லா.

"அப்படிச் சொல்லாதடி" என்று செயின் பல்லைக் கடித்தார். மூலையில் கிடந்த சாம்பல் நிற வண்டியைத் துடைத்துக்கொண்டே, "டயர் ரொம்ப மெல்லிசும் இல்லை, ரொம்பத் தடியும் இல்லை. கியர் கம்மி, அதனால ரிப்பேரும் கம்மி, விலையும் கம்மி. பாலம் தாண்டினதும் காத்தைக் கொஞ்சம் இறக்கிக்குங்க, குலுக்காது. யாரும் வாங்க மாட்டாங்க, பேர் அப்படி" என்றார்.

"ரெண்டுங்கெட்டானே இருக்கட்டும். இப்ப என் நிலைமைக்கு அதுதான் பொருத்தம்."

தார் ரோட்டில் ஒரு சுற்று, பக்கத்துக் காலி மனையின் சரளைக் கல்லில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். இறங்கியபோது மூச்சு வாங்கவில்லை, முகமும் மாறவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

செயின் பழைய டியூபை மடித்துக் கேரியரில் மெத்தை போட்டு, போட்டோவைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்துக் கட்டினார். சொந்த மச்சானுக்கே பஞ்சர் காசை விட்டுக்கொடுக்காத மனுஷன், பெல்லையும் பூட்டையும் சும்மாவே மாட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்து அவர் மனைவிக்கே லேசாக மயக்கம் வந்திருக்கும்.

ஆனால் அவள் அன்றைக்கு இளகிப்போயிருந்தாள். கல்லாவை விட்டு இறங்கி வாசல்வரை வந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தைரியமாப் போயிட்டு வாங்க அக்கா. அங்கே உட்கார்ந்து அழுது அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. போனவர் போன இடத்துல நிம்மதியா இருக்கட்டும்."

அந்த அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பெடலில் கால் வைத்தாள்.

"எப்படிம்மா இருப்பார்? நான் கோழிப் பண்ணைக்குக் கொண்டுபோறது எங்க கல்யாணப் படம். புதுப் பொண்டாட்டிக்கு இன்னிக்குத்தானே என்னைத் தெரியப்போகுது."