மறந்துவிட்ட டம்ளர்

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டதுமே அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு உதறல் எடுத்தது.

"எதுக்கு இப்படி நடுங்குறே?" என்றது பக்கத்தில் இருந்த கண்ணாடி டம்ளர்.

"பொறந்தப்ப நான் விரல் நீளக் குழாய்தான். சூடாக்கி, ஊதிப் பெரிசாக்கி, பழையபடி சுருங்குறதுக்குள்ள குளிர வச்சுட்டாங்க. மறுபடி சூடு பட்டா அதெல்லாம் ஞாபகம் வந்துடுமோன்னு பயமா இருக்கு."

"அட, எந்தக் காலத்துக் கதை! என்னையும்தான் உலையிலேருந்து எடுத்த சூட்டோட அவசர அவசரமா ஆற வச்சாங்க. நான் அப்பவே மறந்துட்டேன்."

டம்ளருக்குச் சொல்வது சுலபம். விருந்தாளி வந்தால் ஜில்லென்று ஜூஸ் ஊற்ற மட்டும்தான் அதை எடுப்பார்கள். உலையை விட்டு வந்த பிறகு அது சூட்டையே அறியாமல் பளபளவென்று வாழ்ந்துவிட்டது.

வீட்டுக்காரிக்குத் தொண்டைக் கட்டு. ஃபிளாஸ்க் அகப்படாத எரிச்சலில், கொதிக்கிற தண்ணீரை அப்படியே பாட்டிலில் ஊற்றினாள். பாட்டில் இடுப்பு ஒடுங்கி, தோள் சரிந்து, டம்ளரின் கண்ணெதிரிலேயே குள்ளமாகிக்கொண்டே போனது.

"எல்லாம் ஞாபகம் வருது" என்று மட்டும் முனகியது.

"அடச்சே, சுருங்கிப்போச்சே!" என்று அவள் அதைக் குப்பையில் போட்டாள். பாத்திரத்தில் இன்னும் பாதித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கை டம்ளரை எடுத்து அடுப்பருகே வைத்தது.

"நான் மறந்துட்டேன். நான் எல்லாத்தையும் எப்பவோ மறந்துட்டேன்" என்று டம்ளர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தது.

முதலில் ஆவிதான் வந்து தொட்டது. டம்ளரின் அடியில் எங்கோ, மெல்ல, 'டிக்' என்றது.